மூன்றாம் வகுப்பு எங்கே போனது?



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "சார், மேல்தட்டு கீழ்த்தட்டு எல்லாம் எங்க தாத்தா காலத்துக் கதை. இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. எல்லாரும் ஒரே கடையிலதான் பிரியாணி வாங்குறோம். வர்க்கம்னு ஒண்ணு இன்னும் இருக்கா சார்?" முப்பது நாற்பது பேர் கைதட்டிப் படம் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் சண்டைக்கு வந்திருந்தார்கள். நான் குழுவில் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயமாக எனக்கு அது படவில்லை. இங்கே நிதானமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேர்வு கிடையாது, பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம்.

முதலில் ஒரு சொல். நீங்கள் பெஞ்சு தேய உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்பும் 'வகுப்பு'தான், ரயிலில் போகிற இரண்டாம் வகுப்பும் 'வகுப்பு'தான். நூறு வருடத்துக்கு முன் இங்கே வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று பேசியபோது சாதி மதப் பிரிவுகளையும் அதே சொல்லால்தான் குறித்தார்கள். வகுத்தல் என்றால் பிரித்தல். கணக்கு வாத்தியார் போடச் சொல்கிற வகுத்தலும் இதே.

சமூகத்தில் ஒரு வர்க்கம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம். ரயிலில் அந்தக் கஷ்டம் இல்லை. பெட்டியிலேயே பெயிண்டால் எழுதி, டிக்கெட்டிலும் அச்சடித்து வைத்தார்கள். அதனால் தம்பியின் கேள்விக்கு ரயில் வழியாகவே போகிறேன். ரயில் பிறந்த இங்கிலாந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை 1830இல் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிகள் பயணிகளை மூன்றாகப் பிரித்துவிட்டன. முதல் வகுப்புக்கு மெத்தை, கண்ணாடி ஜன்னல். இரண்டாம் வகுப்புக்குக் கூரையும் பலகையும். மூன்றாம் வகுப்புக்குப் பல கம்பெனிகள் கொடுத்தது கூரையே இல்லாத திறந்த வண்டி. நம் ஊர் லாரியின் பின்பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையும் பனியும் எஞ்சின் கக்கும் நெருப்புப்பொறியும் நேராகத் தலைமேல் விழும்.

1841ஆம் ஆண்டு டிசம்பர் 24, விடிவதற்கு முன் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரு சரக்கு ரயில் கிளம்பியது. எஞ்சினுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் நடுவே மூன்றாம் வகுப்புத் திறந்த வண்டிகளைக் கோத்திருந்தார்கள். ஏறியவர்களில் பலர் கல் தச்சர்கள். லண்டனில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை செய்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பியவர்கள். சோனிங் என்ற இடத்தில் பாதையின் இருபுறமும் மேடு. மழையில் மண் சரிந்து தண்டவாளத்தில் கிடந்தது. எஞ்சின் அதில் மோதி நிற்க, பின்னாலிருந்த சரக்கு வண்டிகளின் பாரம் முழுவதும் அந்தத் திறந்த வண்டிகள்மேல் வந்து ஏறியது. 9 பேர் இறந்தார்கள்.

எந்த நாடாளுமன்றத்துக்குக் கல் செதுக்கினார்களோ, அந்த நாடாளுமன்றம் 1844இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொண்டுவந்தவர் கிளாட்ஸ்டன். பிறகு நான்கு முறை பிரதமரானாரே, அவரேதான். ஒவ்வொரு பாதையிலும் தினமும் ஒரு ரயிலாவது ஏழைகளுக்காக ஓட வேண்டும். எல்லா நிலையத்திலும் நிற்க வேண்டும். மணிக்குச் சராசரி 12 மைலுக்குக் குறையக் கூடாது. கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. உட்கார இடமும் மழைக்கு மறைப்பும் இருந்தாக வேண்டும். கூரைக்கு ஒரு சட்டம்! கம்பெனிகள் கீழ்ப்படிந்தன, தங்கள் பாணியில். அந்த ரயிலை விடியற்காலையிலோ வேறு வசதியில்லாத நேரத்திலோ விட்டார்கள். மெதுவாக ஓட்டினார்கள். மற்ற ரயில்களில் மூன்றாம் வகுப்பே கிடையாது என்றார்கள். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, ஏழையை ஏழையாக வைத்ததும் ஆச்சு.

ஒரு கூரை போட அவர்களுக்கு என்ன கஷ்டம்? பணமா? இந்தக் கேள்விக்கு 1849இல் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் பதில் எழுதினார். ஜூல் துப்புயி என்று பெயர். பொருளாதாரம் படித்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் சொன்னதன் சாரம் இது: மூன்றாம் வகுப்புக்குக் கூரை போடாததும் மெத்தை வைக்காததும் செலவுக்குப் பயந்து அல்ல. அங்கே கொஞ்சம் சுகம் வந்துவிட்டால், இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களும் மூன்றாம் வகுப்பிலேயே ஏறிவிடுவார்கள். அவர்களை விரட்டுவதற்காகவே கீழ் வகுப்பு மோசமாக வைக்கப்படுகிறது. நனைவது ஏழை, ஆனால் அந்த மழை காட்டப்படுவது பணம் உள்ளவனுக்கு.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். வர்க்கத்தைப் பற்றி எத்தனையோ பெரிய புத்தகங்களை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இந்தப் பொறியாளரின் கணக்கு அளவுக்கு எதுவும் எனக்கு விஷயத்தைத் தெளிவாக்கியதில்லை. நாம் பொதுவாக என்ன நினைக்கிறோம்? கையில் காசு குறைவு, அதனால் வசதி குறைவு, அவ்வளவுதானே என்று. துப்புயி அதைத் திருப்பிப் போடுகிறார். வசதிக் குறைவு அங்கே தானாக வந்து சேரவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

யோசித்துச் செய்ததை யோசித்து மாற்றவும் முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சாட்சி உண்டு. மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி 1872இல் தன் எல்லா ரயில்களிலும் மூன்றாம் வகுப்பை அனுமதித்தது. 1875இல் இரண்டாம் வகுப்பையே ஒழித்து, மூன்றாம் வகுப்புக்கு மெத்தை போட்டது. மற்ற கம்பெனிகள் கொதித்தன. ஆனால் கூட்டம் மிட்லண்ட் பக்கம் போகவே, ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இதில் ஒரு வேடிக்கை. பல காலம் பெரும்பாலான பிரிட்டிஷ் ரயில்களில் முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் இருந்தன, நடுவில் இரண்டு இல்லை. ஒன்று, மூன்று என்று எண்ணுகிற பிள்ளையை நாம் முட்டி போட வைப்போம். 1956இல்தான் மூன்றுக்கு இரண்டு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த ஏற்பாடு அப்படியே கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. 1853இல் பம்பாய் - தானே, 1856 ஜூலை 1இல் ராயபுரம் - வாலாஜா ரோடு. சாதி பார்த்துத் தனிப் பெட்டி வேண்டும் என்று சிலர் கேட்டதுண்டு. கம்பெனிகள் சம்மதிக்கவில்லை, அவர்களுக்கு டிக்கெட் காசுதான் சாதி. அதற்காக ரயில் வந்து சாதியைக் கரைத்துவிட்டது என்று பாடம் நடத்தினால் பாதி உண்மைதான் ஆகும். பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள், இறங்கிச் சாப்பிடப் போனால் ரயில் நிலைய உணவகத்தில் பிராமணர்களுக்கு ஒரு பகுதி, இதரர்களுக்கு ஒரு பகுதி. தென்னகத்தில் அந்தப் பலகைகள் பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் இறங்கின. அதேபோல வெள்ளைக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய பெட்டிகளும் இருந்தன. நம் மண்ணில் வர்க்கம் எப்போதும் இப்படித் துணையோடுதான் நடமாடும். அது தனிப் பாடம், இன்னொரு நாள்.

இந்திய ரயிலில் பயணம் செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மூன்றாம் வகுப்புக்காரர்கள். அவர்கள் பெட்டிகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கிற இடத்தில் இறங்கி ஓட வேண்டும். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி, ரயில்வே அதிகாரிக்குத் தத்தக்கபித்தக்க ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, இறங்கிப் போன இடத்தில் கார்டு விசில் ஊதிவிட, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் விழுந்த கதை அது. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அந்தக் கடிதம் புகழ்பெற்றது. எல்லோரும் படித்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். எழுதியபோது அவர் சிரித்திருக்க மாட்டார்.

காந்தியை 1893இல் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்டது உங்களுக்குத் தெரியும், ஐந்து மதிப்பெண் கேள்வி. ஊர் திரும்பிய பிறகு அவர் வேண்டுமென்றே மூன்றாம் வகுப்பில் போனதையும், 1917இல் அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியதையும் நான் வகுப்பில் போதுமான நேரம் எடுத்துச் சொன்னதில்லை, பாடத்திட்டத்தில் இல்லை. பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயிலில் வந்த பயணம் அதில் வருகிறது. மூன்றாம் வகுப்புக் கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேர் என்று எழுதியிருக்கிறது, வழி நெடுகப் பெரும்பாலும் 35 பேருக்குக் குறையவில்லை. இரண்டு இரவு. முதல் வகுப்புக் கட்டணம் இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். சரி, ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது எங்களுக்குக் கிடைக்கிறதா, பத்தில் ஒரு பங்காவது உண்டா என்று கேட்கிறார். முதல் வகுப்பின் ஆடம்பரத்துக்குப் பணம் கொடுப்பதே மூன்றாம் வகுப்புக் கூட்டம்தான் என்றும் சொல்கிறார். பாரிஸ்டரோடு பனியாக் கணக்கும் பேசுகிறது.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா மாயவரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. (மயிலாடுதுறை என்ற பெயர் பிறகு வந்தது.) முதலாளி வருடத்துக்கு நாலைந்து தடவை சென்னைக்குப் போவார், அப்பாவும் கூடப் போவார். ஒரே ரயில். முதலாளி முதல் வகுப்பு, அப்பா மூன்றாம் வகுப்பு. விழுப்புரத்தில் வண்டி நின்றதும் அப்பா இறங்கி, எட்டுப் பத்துப் பெட்டி தாண்டி ஓடி, முதலாளிக்குக் காபியோ தண்ணீரோ வேண்டுமா என்று ஜன்னலில் கேட்டு, வாங்கிக் கொடுத்து, வண்டி நகர்வதற்குள் திரும்பி ஓடிவந்து ஏறுவார். அம்மாவுக்கு அந்த ஓட்டம்தான் பயம். அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. "முதலாளி தங்கமான மனுஷர்" என்பார். உண்மையிலேயே தங்கமான மனுஷர்தான். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவர்தான் கட்டினார். அவருடைய மகன் என் வயது. அவனுக்கு யாரும் கட்டணம் கட்டித் தர வேண்டியிருக்கவில்லை, அவன் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. நான் இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெயர்கள் ஓயாமல் மாறின. 1955இல் பழைய முதல் வகுப்பை எடுத்தார்கள். இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பானது, இன்டர் வகுப்பு இரண்டாம் வகுப்பானது. மூன்றாவது மட்டும் மூன்றாவதாகவே இருந்தது. 1974இல் அதற்கும் விமோசனம் வந்தது: மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நாட்டில் மூன்றாம் வகுப்புக் குடிமகனே இனி இல்லை என்று விடுதியில் பேசிச் சிரித்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போக ஏறினால் அதே பெட்டி, அதே மரப்பலகை. வெளியே மூன்றை அழித்து இரண்டு எழுதியிருந்தது.

பெயிண்டைத் தாண்டி ஒன்று நடந்தது 1977இல். ரயில்வே அமைச்சராக மது தண்டவதே வந்தார். அரசியலுக்கு நடுவே பம்பாயில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். (வாத்தியார் அமைச்சரானால் என்று நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.) இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டிகளின் பலகைமேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தார். பம்பாய் - ஹவுரா கீதாஞ்சலி எக்ஸ்பிரஸை, வகுப்பே இல்லாத ரயிலாக அந்த ஆண்டு டிசம்பரில் ஓட விட்டார். அதற்கு முன் நூற்றிருபது ஆண்டுக் காலம் கோடிக்கணக்கான முதுகுகள் வெறும் பலகையில் கிடந்திருக்கின்றன. இரண்டு அங்குல மெத்தைதான் தடையாக இருந்ததா என்று கேட்டால், துப்புயி சிரிப்பார்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். அப்பா ஓடிய ஓட்டத்தை நான் ஓடவில்லை. 1993இல் த்ரீ டயர் ஏசி வந்த பிறகு, அரசு ஊழியர் குடும்பங்களும் குளுகுளு பெட்டியில் ஏறிவிட்டோம். உங்களில் பலர் ஆகாயத்தில் போகிறீர்கள். யார் காசு கொடுத்தாலும் எந்தப் பெட்டியிலும் ஏறலாம், குலம் கோத்திரம் கேட்பதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மூன்றாம் வகுப்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை. முன்பதிவில்லாப் பெட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே ரயிலில்தான் வருகிறது. இருபதுக்கு மேல் பெட்டிகள் உள்ள பல நெடுந்தூர ரயில்களில் அது இரண்டோ நான்கோ, பெரும்பாலும் இரண்டு முனைகளிலும். சென்ட்ரலில் வடக்கிலிருந்து வரும் வண்டி நிற்கும்போது ஒரு தடவை எஞ்சின் பக்கம் நடந்து பாருங்கள். வாசல்படி வரைக்கும் ஆள்.

காசு கொடுத்தால் ஏறலாமே, அவர்களும் முன்பதிவு செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள். இன்றைக்கு அறுபது நாள் கழித்து எங்கே இருப்போம் என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு சொத்து. மாதச் சம்பளம், விடுப்பு, பள்ளி விடுமுறைப் பட்டியல் உள்ள நமக்கு அது தெரியும். மேஸ்திரி எந்தக் கிழமை கணக்கு முடிப்பார், எந்தக் கிழமை வேலை நிற்கும் என்று தெரியாதவனுக்கு முன்பதிவு எதற்கு? அவன் காசு கையில் வந்த அன்று கிளம்புகிறான். தட்கலில் போட அதிகப் பணமும் வேகமான விரலும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் ஸ்லீப்பரில் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது, ஜெனரல் டிக்கெட்காரர் ஒருவர் நம் காலடியில் வந்து உட்கார்ந்தால் நமக்கு என்ன வருகிறது? டி.டி.ஆரைத் தேடுகிறோம். சட்டப்படி நம் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்த நேரத்தில், வர்க்கம் இருக்கிறதா என்று நம்மிடம் யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது.

2023 ஜூன் 2. ஒடிசாவில் பாலசோர் மாவட்டத்து பகாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், தவறான சிக்னலால் கிளைத்தடத்துக்குள் நுழைந்து, நின்றிருந்த இரும்புத்தாது ரயிலில் மோதியது. கழன்ற பெட்டிகள், எதிரே வந்த பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் அடித்தன. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோரமண்டலின் முன்பகுதியில், எஞ்சினுக்குப் பின்னால் இருந்தவை முன்பதிவில்லாப் பெட்டிகள். அடிபட்ட இன்னொரு ரயிலின் வால்பகுதியிலும் முன்பதிவில்லாப் பெட்டி. சோனிங்கில் கல் தச்சர்களின் வண்டியை எங்கே கோத்திருந்தார்கள் என்று மேலே போய் ஒரு தடவை படித்துப் பாருங்கள். இடையில் 182 ஆண்டுகள்.

விபத்து நடந்த அன்று இரவு நம் வீடுகளில் என்ன செய்தோம்? தொலைக்காட்சியில் முன்பதிவுப் பட்டியலைப் பார்த்தோம். தமிழர் எத்தனை பேர் என்று பெயர் தேடினோம். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் பெட்டி எண், இருக்கை எண், வயது, போன் எண் எல்லாம் இருக்கும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியவருக்குப் பட்டியல் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதற்கே கணக்கு இல்லை. வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தகப்பன்மார் பிணவறை பிணவறையாக ஏறி இறங்கிப் படங்களைப் பார்த்தார்கள், ரத்தம் கொடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அப்படியும் யாரும் வந்து கேட்காத 28 உடல்கள் புவனேஸ்வரில் நான்கு மாதம் கிடந்து, அக்டோபரில் மாநகராட்சியால் எரிக்கப்பட்டன. ஆணா பெண்ணா, எந்த ஊர், இங்கே எந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள், ஒன்றும் தெரியாது. சிலர் உங்கள் ஊரில் நடக்கிற ஒரு கட்டட வேலைக்கே வந்துகொண்டிருக்கலாம்.

தம்பி, எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்றாயே. அந்த 28 பேரிடமும் இருந்திருக்கும்.

2023 டிசம்பர் கடைசியில் அம்ருத் பாரத் என்று ஏசி இல்லாத புது ரயில்கள் விட்டார்கள். ஸ்லீப்பரும் முன்பதிவில்லாப் பெட்டிகளும் மட்டும், உட்காரும் இடத்திலும் மெத்தை. முதல் இரண்டில் ஒன்று மால்டாவிலிருந்து பெங்களூருக்கு. கிளாட்ஸ்டன், மிட்லண்ட், தண்டவதே வரிசையில் இதையும் எழுதி வைக்கலாம், எத்தனை விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் திருப்பூரிலும் ஓசூரிலும் ஆலை, கம்பெனி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்கிற ஒடிசா, பீகார் பிள்ளைகளில் ஒருவரிடம் எந்த ரயிலில், எந்தப் பெட்டியில், எத்தனை மணி நேரம் நின்றுகொண்டு வந்தாய் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். கீழே கருத்துப் பகுதியிலேயே எழுதலாம். மற்றவர்கள், வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் தேடிப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு என்று அச்சடித்த அட்டை டிக்கெட் கிடைத்தால் படம் எடுத்துப் போடுங்கள். அப்பாவுடையது ஒன்றுகூட என்னிடம் இல்லை. இறங்கும்போது வாசலில் வாங்கிக்கொண்டுவிடுவார்கள்.